ஏழு விதிகளும் செங்கதிர் மகளிர் கபடிக் குழுவும்

ஜூலை 8, திங்கள்

மூன்றாம் பாடவேளையில் தலைமையாசிரியை எஸ்தர் ராஜகனி அழைத்தார். மேசையில் வெள்ளைத்தாள் ஒன்றும் பேனா ஒன்றும் எனக்காகக் காத்திருந்தன.

"ஆவுடைநாயகம் சார், ஒரு விதி எழுதணும்."

சென்ற ஆண்டு மாவட்டக் கபடி இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள், எங்கள் பள்ளியின் சிறந்த வீராங்கனை பக்கத்து ஊர்க் கோயில் கொடை விழாவில் அந்த ஊர் அணிக்காக ஆடப் போய், முழங்காலைத் திருகிக்கொண்டு வந்தாள். மறுநாள் பள்ளி தோற்றது. தாளாளர் அதை இன்னும் மறக்கவில்லை. ஆகவே, போட்டிக் காலத்தில் பள்ளி அணி மாணவியர் எவரும் வெளி அணிகளில் ஆடக் கூடாது.

உடற்கல்வி ஆசிரியர் பொன்பாண்டி எழுதலாமே என்றேன்.

"அவரு விசில் ஊதுவாரு. எழுதுறதுக்கு நீங்கதான்."

இருபத்தொன்பது ஆண்டுகளாக வரலாறு நடத்துகிறேன். டில்லி சுல்தான் ஒருவர் குதிரை மேலிருந்து பந்தாடும்போது விழுந்து இறந்தார். விளையாட்டைப் பற்றி நான் அறிந்தது அவ்வளவே. அது விளையாட்டுக்குச் சாதகமான தகவல் அல்ல.

மாலையில் கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது.

ஜூலை 10, புதன்

விதிகள் தயார். ஏழு. ஐந்தில் முடித்திருக்கலாம், ஏழு என்றால் கொஞ்சம் கனமாக இருக்கிறது.

நான்காம் விதியில் எனக்குத் திருப்தி உண்டு. வதந்தியை ஏற்பதில்லை. நேரில் கண்டவரின் வாக்குமூலமோ எழுத்துச் சான்றோ வேண்டும். ஐந்தாவது, தண்டனை: அந்தப் போட்டிக் காலம் முழுவதும் பள்ளி அணியிலிருந்து விலக்கு. ஆறாம் விதி, ஆசிரியர்களுக்கும் இதே கட்டுப்பாடு. வெளி அணிக்கு எவ்வகையிலும் பணியாற்றும் ஆசிரியர், அந்தப் பருவம் முழுவதும் பள்ளியின் விளையாட்டுப் பொறுப்புகளிலிருந்து நீக்கப்படுவார். இதற்குத் தனிக் காரணம் எதுவும் இல்லை. மாணவியரை மட்டும் சொல்லி நிறுத்தினால் பக்கத்தின் கீழே வெற்றிடம் தெரிந்தது.

"வாத்தியார்களுக்குமா?" என்றார் தலைமையாசிரியை.

"சட்டம்னா எல்லாருக்கும் பொதுவா இருக்கணும் மேடம்."

அவர் மகிழ்ந்து, என்னையே விதிக் குழுவின் செயலாளராக்கிவிட்டார். சுற்று வட்டாரத்தின் ஒன்பது பள்ளிகளுக்கும் முன்மாதிரியாகப் பிரதி அனுப்பப்போகிறாராம். நான் மறுக்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

காலைக் கூட்டத்தில் விதிகளை வாசித்தேன். கபடி அணி வரிசையாக வந்து கையெழுத்திட்டது. பன்னிரண்டாம் வகுப்பு முப்பிடாதி மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அணியின் முக்கிய ரெய்டர். அதாவது, எதிரணிக் கட்டத்துக்குள் தனியாக மூச்சடக்கிப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்புகிறவள்.

"சார், வெளி அணின்னா எது சார்?"

"பள்ளிக்கு வெளியே உள்ள அணி."

"எங்க ஊரு வெள்ளப்பாறை. அங்க ஆடுனா எனக்கு அது உள்ளூர்தான சார்? பள்ளிக்கூடம்லா எனக்கு வெளியூரு. பஸ் ஏறி வாரேன்."

வரிசை முழுவதும் சிரித்தது. பொன்பாண்டி வருகைப் பதிவேட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ தேடினார். நான் எல்லை என்ற கருத்தின் வரலாற்றைச் சுருக்கமாக விளக்கினேன். ஆறு நிமிடம். அவள் கையெழுத்திட்டாள்.

ஜூலை 23, செவ்வாய்

புது பெல்ட் அளவு சரியில்லை. மாற்ற வேண்டும்.

ஜூலை 26, வெள்ளி

பெயரில்லாக் கடிதம் வந்திருக்கிறது. முப்பிடாதி ஞாயிறுதோறும் வெள்ளைப்பாறையில் செங்கதிர் மகளிர் கபடிக் குழுவுக்காக ஆடுகிறாள், 'வள்ளி' என்ற பெயரில்.

"பெயரில்லாத கடிதம் சான்றாகாது மேடம்," என்றேன்.

"அப்ப நேர்ல கண்டவங்க வேணும். யாரு போறது?"

பொன்பாண்டி என்னைப் பார்த்தார். நான் நான்காம் விதியைப் பார்த்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

பதினான்கு கிலோமீட்டர், பேருந்தில். கோயில் பின்புறத்துப் பொட்டலில் தண்ணீர் தெளித்துக் கோடு போட்டிருந்தார்கள். அடையாளம் தெரியாமலிருக்கக் குடை விரித்துக்கொண்டேன். பொட்டலில் குடை பிடித்திருந்தது நான் ஒருவன்தான்.

பக்கத்தில் கொய்யாப்பழம் விற்ற பெண்மணி, கேட்காமலே எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். "ஐயா, தொட்டுட்டு இந்தக் கோட்டுக்கு வந்தாத்தான் புள்ளி. அங்கனயே புடிச்சி அமுக்கிட்டா அவ்வளவுதான், அவ வெளிய. அந்தா, ஒம்பதாம் நம்பரு பாருங்க, வள்ளி. காலப் பாருங்க, தரையிலயா நிக்கி?"

ஒன்பதாம் எண் சட்டையில் ஆடியவள் முப்பிடாதியைப் போலிருந்தாள். வெயில் கண்ணில் அடித்தது. ஒற்றை நோக்கை வைத்து முடிவுக்கு வருவது வரலாற்று மாணவனுக்கு அழகல்ல. மறுபடி ஒருமுறை பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

உறுதிசெய்யச் சென்றேன். குறிப்பேடும் கொண்டுபோயிருந்தேன்.

இரண்டாம் பாதியில், செங்கதிர் ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தபோது, ஒன்பதாம் எண் ரெய்டுக்குப் போனாள். எதிரில் நால்வர் கைகோத்து நின்றார்கள். அவள் அவசரப்படவில்லை. இடப்பக்கம் போவதாகத் தோளைச் சாய்த்தாள், நால்வரும் சாய்ந்தார்கள். அந்த இமைப்பொழுதில் வலது காலை நீட்டி மூலையில் நின்றவளின் பாதத்தைத் தொட்டாள். மூவர் மேலே விழுந்தார்கள். அவர்களையும் இழுத்துக்கொண்டு, மண்ணில் ஊர்ந்து, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டாள். நான்கு புள்ளி. நான் எழுந்து நின்றிருந்தேன். குடை எங்கோ போயிருந்தது. கொய்யாக்காரப் பெண்மணி எடுத்துக் கொடுத்தார்.

அடையாளம் எழுபது சதவீதம் உறுதி.

வீட்டில் மனைவி பிரமு கேட்டாள்: "ரெண்டு ஞாயிறா எங்க போறிய?"

"அலுவலக வேலை."

"அலுவலகத்துல ஏன் இவ்வளவு செம்மண்ணு?"

ஆகஸ்ட் 7, புதன்

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர். ஒரு தளபதி இடப்பக்கம் தாக்குவதுபோல் காட்டி வலப்பக்கம் தாக்கியதை விளக்கும்போது தோளைச் சாய்த்துக் காட்டினேன். கடைசி வரிசை முதன்முறையாகக் குறிப்பெடுத்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புள்ளி எழுதுகிறவர் வரவில்லை. அவர் அக்காள் மகனுக்குக் காதுகுத்தாம். செங்கதிர் அணித் தலைவி சந்தனமாரி நேரே என்னிடம் வந்தார். வெள்ளைப்பாறையில் தையல்கடை வைத்திருக்கிறார். கணுக்காலைப் பிடித்தால் விடாதவர் என்று பெயர்.

"சார், மூணு வாரமா வாரிய, நோட்டுலயும் எழுதிட்டுத்தான இருக்கிய. அதயே இந்தத் தாளுல எழுதிருங்க."

"நான் பார்வையாளர் மட்டும்."

"நாங்க என்ன ஆடவா கூப்பிடுதோம்? எக்கா, சாருக்கு ஒரு நாற்காலி போடுங்க. நல்ல நாற்காலி."

புள்ளி எழுதுகிறவன் எந்த அணியையும் சேர்ந்தவனல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு செங்கதிர் தொப்பி ஒன்றைத் தலையில் வைத்தார்கள். வெயிலுக்காக அணிந்துகொண்டேன்.

வீராங்கனைகள் பட்டியலை நான்தான் எழுதினேன். ஒன்பதாம் எண்ணுக்கு எதிரே 'வள்ளி'. உண்மையான வள்ளி கைமுறிவுடன் கூட்டத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தாள். ஆவணங்களைத் திருத்தியவர்களை இருபத்தொன்பது ஆண்டுகளாக வகுப்பில் கண்டித்து வருகிறேன். இன்று தெரிந்தே ஒரு பொய்ப் பெயரை எழுதினேன். அதையும் அழகாக எழுதினேன்.

செங்கதிர் 38, எதிரணி 31. வள்ளிக்குப் பதினாறு. கீழே பழக்கத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அறிக்கை எங்கே என்று தலைமையாசிரியை கேட்டார். ஆய்வு தொடர்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

நூலக வாசலில் முப்பிடாதி.

"சார், பதினொண்ணாந் தேதி ரெண்டாம் பாதியில வள்ளி மூணு தடவ ஒரே பக்கமா போனாளே, அது தப்புதான சார்?"

"எந்த வள்ளி?"

"அதான் சார், நீங்க எழுதுன வள்ளி."

சுற்றிலும் பார்த்தேன். யாருமில்லை. "தப்புதான். மூன்றாவது தடவை அவர்கள் காத்திருந்தார்கள்," என்றேன்.

பிறகு, விதியில் கையெழுத்திட்டவள் ஏன் இப்படிச் செய்கிறாள் என்று கேட்டேன். செயலாளராகத்தான் கேட்டேன்.

"இங்க பயிற்சியில என்னையப் புடிக்க ஆளே இல்ல சார். புடிபடாம இருந்தா, புடியில இருந்து தப்பிக்க எப்படிப் படிக்கிறது? சந்தனமாரியக்கா ஒரு நாளைக்குப் பத்து தடவ என்னைய மண்ணக் கவ்வ வைக்காவ."

மாநிலப் போட்டிவரை போன சான்றிதழ் இருந்தால் கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடமும் விடுதியும் கிடைக்கும். இல்லாவிட்டால் வைகாசியில் சிவகாசி அத்தை மகனுடன் கல்யாணம். அவள் அம்மா மாடத்தி தீப்பெட்டி ஆலைக்குப் போகிறவர். சான்றிதழைக் கண்ணால் பார்த்தால் கல்யாணப் பேச்சைத் தள்ளிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

"அத்தை மகன் எப்படி?"

"நல்லவன்தான் சார். கபடி பாக்க மாட்டான்."

ஆகஸ்ட் 30, வெள்ளி

குறுவட்டப் போட்டியில் எங்கள் பள்ளி வென்றது. இறுதியில் கீழக்குளம் பள்ளியை முப்பிடாதி ஏறக்குறையத் தனியாகவே தோற்கடித்தாள். தலைமையாசிரியை என்னிடம், "விதி வந்ததும் ஒழுக்கம் வந்துட்டு பாருங்க, அதான் ஆட்டத்துல தெரியுது," என்றார். விதியின் விளைவுகளை இவ்வளவு சீக்கிரம் மதிப்பிட வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

கிரைண்டர் ஓடுகிறது. தோசை.

செப்டம்பர் 9, திங்கள்

தோற்ற கீழக்குளம் பள்ளி புகார் அனுப்பியிருக்கிறது. நாங்கள் அனுப்பிய முன்மாதிரி விதிகளின் பிரதி. நான்காம் விதியின் கீழே சிவப்புக் கோடு. 'தங்கள் பள்ளி தன் விதியைத் தானே மதிக்கிறதா என்று அறிய ஆவல். எழுத்துச் சான்று இணைப்பு.' இணைப்பு, ஆகஸ்ட் பதினொன்றாம் தேதிப் புள்ளித்தாளின் நகல். ஒன்பதாம் எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் 'முப்பிடாதி?'

தலைமையாசிரியை அதை மேசையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு, இல்லையா சார்?"

"ஆமாம் மேடம்."

"நம்ம மதிப்பெண் பதிவேட்டுலயும் இதே முத்துதான்."

பொன்பாண்டி சன்னல் வழியாக மைதானத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மைதானம் காலியாக இருந்தது.

"வியாழக்கிழமை விசாரணை. நீங்க விளக்கம் குடுங்க. அந்த ஒம்பதாம் நம்பரு யாருன்னு பாத்தவரு நீங்கதான். நீங்க சொல்லுறத நான் ஏத்துக்கிடுதேன்."

சனிக்கிழமை மாவட்டப் போட்டி.

செப்டம்பர் 10, செவ்வாய்

தாளில் இருப்பது வள்ளி. எழுத்துச் சான்றின்படி முப்பிடாதி குற்றமற்றவள். ஆடியது வள்ளிதான் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால், சனிக்கிழமை அவள் ஆடுவாள். வென்றால் மாநிலம், சான்றிதழ், கோயம்புத்தூர். கண்டதைச் சொன்னால் பருவம் முழுவதும் விலக்கு. ஒரு பொய்யை எழுதியாகிவிட்டது. இனி சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

பிரமுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பியைப் பற்றியும்.

"இப்ப என்ன செய்யப் போறிய? உண்மையச் சொல்லப் போறியளா, அந்தப் பிள்ளையக் காப்பாத்தப் போறியளா?"

"இரண்டுக்கும் சேர்ந்தாற்போல் ஒரு வழி இருக்கும்."

"ஏழு விதி எழுதுனியள, அதுல ஒண்ணாவது அந்த வழிக்கு எழுதியிருக்கக் கூடாதா?"

செப்டம்பர் 12, வியாழன்

விசாரணை பதினோரு நிமிடம் நடந்தது. மாடத்தியும் வந்திருந்தார். ஆலைக்கு அரைநாள் விடுப்பு.

தலைமையாசிரியை என்னிடம் கேட்டார்: "சார், நீங்க பாத்த ஒம்பதாம் நம்பரு யாரு?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் திறந்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

"நான்தான் மேடம்," என்றாள் முப்பிடாதி. "சார்ட்ட கேக்காதிய. அவுகளுக்குப் பொய் சொல்ல வராது. அன்னைக்கு வள்ளின்னு எழுதுறதுக்கே ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சாவ."

மாடத்தி மகளை ஒரு பார்வை பார்த்தார். "ஏட்டி, கேட்டாத்தான் சொல்லணும்."

"கேட்டாவல்லாம்மா."

"உன்னைய இல்லட்டி."

ஐந்தாம் விதிப்படி முப்பிடாதி இந்தப் போட்டிக் காலம் முழுவதும் பள்ளி அணியிலிருந்து விலக்கப்பட்டாள். தீர்மானத்தை நான்தான் எழுதினேன். எழுதி முடித்து, ஆறாம் விதியை எடுத்து வாசித்தேன். வெளி அணிக்கு எவ்வகையிலும் பணியாற்றிய ஆசிரியர்.

"அத விடுங்க சார்," என்றார் தலைமையாசிரியை.

"சட்டம் எல்லாருக்கும் பொது மேடம்."

என்னையும் நீக்கி இரண்டாம் தீர்மானத்தை எழுதினேன். கையெழுத்து வழக்கம்போல் இருந்தது.

வெளியே வராந்தாவில் முப்பிடாதி கொஞ்ச நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன்; நான் அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டாள்.

"சார், அப்ப நான் இனிமே பள்ளி அணி இல்லையா?"

"இந்தப் பருவத்துக்கு இல்லை."

"அப்ப விதி எனக்குக் கிடையாதுல்லா? அது பள்ளி அணிப் பிள்ளைகளுக்குத்தான?"

ஏழு விதிகளையும் மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஒரு மாணவி வெளி அணியில் ஆடக் கூடாதென்று தடுக்கும் விதிகள், அவளைத் தண்டித்த கணத்தில் அவளைக் கைவிட்டுவிடுகின்றன. தண்டனை பெற்ற ஆசிரியரையும் அப்படியே.

பொன்பாண்டி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மாதங்களில் முதன்முறையாக முழு வாக்கியம் பேசினார். "மாவட்டக் கபடிச் சங்கம் அடுத்த மாசம் ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்கு சார், கிளப் வழியாத்தான் போகணும், பத்து நாள் முகாமுக்கும் முழுசா வரணும், பள்ளி அணியில இருந்துக்கிட்டு அதுக்குப் போக முடியாது, அந்த அணி மாநிலப் போட்டிக்குப் போவும், அந்தச் சான்றிதழும் கல்லூரியில செல்லும்."

மூச்சு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 14, சனி

மாவட்டப் போட்டி. பள்ளி அணி பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. நான் நீக்கப்பட்டவன், ஆகவே மைதானச் சுவருக்கு வெளியிலிருந்து பார்த்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

செங்கதிர் பயிற்சி. புள்ளி எழுதுகிறவர் திரும்பிவிட்டார்; ஆனால் என் தாளைப் பார்த்துவிட்டு வேலையை என்னிடமே விட்டுவிட்டார். முப்பிடாதி இன்று இருபத்திரண்டு தடவை போனாள், ஒன்பது தடவை பிடிபட்டாள். எழுந்து மண்ணைத் தட்டும்போதெல்லாம் சிரிக்கிறாள். பிரமு துணைக்கு வந்தாள். குடையை அவள் பிடித்துக்கொண்டாள்.

அக்டோபர் 1, செவ்வாய்

ஒரு சிக்கல். சங்கத் தேர்வுக்கான படிவத்தில், 'மாணவி கலந்துகொள்வதில் பள்ளிக்கு ஆட்சேபணை இல்லை' என்ற வரியின் கீழே தலைமையாசிரியர் கையெழுத்திட வேண்டும். நாளை கடைசி நாள். பத்தொன்பது புள்ளியில் தோற்ற பள்ளியின் தலைமையாசிரியர்.

முப்பிடாதி வாசலில் நின்றாள். படிவத்தை நான் கொண்டுபோனேன். எந்தப் பொறுப்பில் கொண்டுபோனேன் என்று தெரியவில்லை, எல்லாவற்றிலிருந்தும் நீக்கப்பட்டிருந்தேன்.

தலைமையாசிரியை இரண்டு முறை படித்தார். மின்விசிறியை நிறுத்தினார். தாளை நேராக வைத்தார்.

"ஆட்சேபணை இல்லைன்னு போட்டிருக்கு."

"ஆமாம் மேடம்."

"எனக்கு இருக்கு. நிறைய இருக்கு. தாளாளர் ஃபோன்ல ஒரு மணி நேரம் பேசுனாரு. ஒரு நல்ல ஆட்டக்காரிய நாமளே விதி எழுதி வெளிய அனுப்பியிருக்கோம். அதுவும் முன்மாதிரியா."

முத்திரைப் பெட்டியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன். வாய் திறந்தால் விளக்கமாகிவிடும்.

"சார், ஒண்ணு கேக்குதேன். அந்தப் பிள்ள நிஜமாவே அவ்வளவு நல்லா ஆடுவாளா?"

சொன்னேன். தோளைச் சாய்த்தும் காட்டினேன். நாற்காலியைச் சுற்றி வந்து, மேசை முனையை நடுக்கோடாக வைத்து. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. மணி அடித்த பிறகுதான் நிறுத்தினேன்.

அவர் கையெழுத்திட்டு முத்திரை வைத்தார். "ஆட்சேபணை தீரல. அது அப்படியே இருக்கட்டும்," என்றார்.

அக்டோபர் 13, ஞாயிறு

தேர்வு முடிந்தது. மாவட்ட ஜூனியர் அணிக்குப் பன்னிரண்டு பேர். பதினோராவது பெயர், மா. முப்பிடாதி. மாடத்தி பட்டியலைக் கையில் வாங்கி, மகள் பெயர் இருந்த வரியில் விரல் வைத்து, மேலே உள்ள பத்துப் பெயர்களையும் முறைத்துப் பார்த்தார்.

"இவளுகள்லாம் இவள விட நல்லா ஆடுவாளுகளா சார்?"

"சிலர்."

"அப்ப அங்க போயும் அடிபடுவா."

"படுவாள்."

"சரி. சிவகாசிக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிருதேன், வைகாசி இப்ப வேண்டாம்னு."

அக்டோபர் 21, திங்கள்

வியாழன் முதல் நாமக்கல்லில் மாநிலப் போட்டி. விடுப்பு விண்ணப்பம் எழுதினேன். இத்தனை ஆண்டுகளில் நான் எடுத்த விடுப்புகளுக்கெல்லாம் காரணம் காய்ச்சல். சில நேரம் உறவினர் ஒருவர் இறந்திருக்கிறார். இந்த முறை 'கபடி' என்று எழுதினேன். வியாழன், வெள்ளி, இரண்டு நாள்.

தலைமையாசிரியை படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். 'இரண்டு' என்பதை அடித்துவிட்டு மேலே 'மூன்று' என்று எழுதினார்.

"சனிக்கிழமை பள்ளி வேலைநாள் மேடம்," என்றேன்.

"தெரியும் சார். சனிக்கிழமைதான ஃபைனல்?"